நரம்பில் ஓடுவது மின்சாரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரம்புகள் மின்கம்பிகளைப் போன்றவை, செய்திகள் அவற்றில் மின்சாரமாக ஓடுகின்றன என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அண்மையில் கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டேன். இடித்தது உடனே தெரிந்தது. அடுத்து சுரீரென்று ஒரு வலி. ஆனால் உயிரை எடுக்கும் அந்த எரிச்சல், இதோ வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த பிறகுதான் வந்தது. மின்சாரம் என்றால் இந்தத் தாமதம் ஏன்? இன்னொன்று: பல் பிடுங்குவதற்கு மரப்பு ஊசி போட்டபோது வலி அறவே இல்லை, ஆனால் மருத்துவர் அழுத்துவதும் அசைப்பதும் நன்றாகத் தெரிந்தன. மின்சாரம் பாதி நின்று பாதி ஓடுமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கவனித்தது மிகச் சரி. ஒரே இடியைப் பற்றிய செய்தி மூன்று வேகங்களில் மூளைக்கு வந்து சேர்வதை உங்கள் உடலிலேயே கண்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் தேடும் முன் மின்கம்பி என்ற உவமையை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நரம்பின் வேலையில் எது மிகவும் வியப்புக்குரியதோ அதையே அது மறைத்துவிடுகிறது என்பதால், பாடநூல்கள் அதைக் கைவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

நரம்புச் செல்லிலிருந்து நீண்டு செல்லும் மெல்லிய இழைக்கு ஆக்சான் என்று பெயர். அதற்குள் இருப்பது உப்புகள் கரைந்த திரவம். அதன் மின்தடை செம்பின் மின்தடையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். இழையின் தடிமனோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைச் சுற்றியுள்ள சவ்வும் மின்னோட்டத்தைக் கசியவிடக் கூடியது. இப்படிப்பட்ட இழையின் ஒரு முனையில் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது தானாகவே மறுமுனைக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டால், சில மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் அது தேய்ந்து மறைந்துவிடும். உங்கள் கால் விரலுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் இருக்கிறது. ஆனாலும் செய்தி அந்தத் தூரத்தைத் துளியும் தேயாமல் கடந்துவிடுகிறது.

எப்படி என்பதற்கு விடை அந்தச் சவ்வில் இருக்கிறது. சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற சோடியம் அணுக்கள், மிகுதி. உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்து, இந்த ஏற்றத்தாழ்வை ஓயாமல் காத்துவருகிறது. நாம் உண்பதில் கணிசமான பங்கு இந்த இறைப்புக்கே செலவாகிறது. ஓய்வாக இருக்கும் இழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் நிலையில் இருக்கும். கேட்பதற்கு இது அற்பமான அளவு. ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், சவ்வுக்குள் நிலவும் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் அளவுக்கு வருகிறது. சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் சவ்வில் உண்டு. அவற்றை மூடி வைத்திருப்பது இந்தப் புலம்தான்.

ஓரிடத்தில் இந்த 70 மில்லிவோல்ட் ஏறத்தாழ 55 ஆகக் குறைந்தால் அங்குள்ள வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. பாயப் பாய மேலும் பல வாயில்கள் திறக்கின்றன. உட்புறம் நேர்மின் நிலைக்கே மாறிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குள் அந்த வாயில்கள் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. அயனிகள் இங்கே பாய்வது இழையின் நீளவாட்டில் அல்ல, சவ்வின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் என்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் நிகழும் இந்தப் பாய்ச்சல் பக்கத்து இடத்தின் மின்னழுத்தத்தைச் சற்றே அசைக்கிறது. அந்த அசைவு அங்குள்ள வாயில்களைத் திறக்கப் போதுமானது. அங்கே மறுபடியும் முழு நிகழ்வும் புதிதாக நடக்கிறது. இப்படி இடம்விட்டு இடம் பரவும் நிகழ்வைத்தான் துடிப்பு என்கிறோம். வெடிமருந்துத் திரியில் தீ நகர்வதும் இப்படித்தான்: எரியும் இடம் அடுத்த இடத்தைப் பற்றவைக்கிறதே தவிர, முதலில் வைத்த நெருப்பு அப்படியே பயணம் செய்வதில்லை. திரி ஒருமுறை எரிந்தால் முடிந்தது. நரம்போ விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் அடுத்ததற்குத் தயாராகிவிடும், ஏனென்றால் ஒரு துடிப்பில் சவ்வைக் கடக்கும் அயனிகள் மொத்த இருப்பில் மிகச் சொற்பம்.

துடிப்பு எழுந்தால் முழுமையாக எழும். இல்லாவிட்டால் எழவே எழாது. மெல்லிய தொடுகைக்குச் சிறிய துடிப்பு, பலத்த அடிக்குப் பெரிய துடிப்பு என்ற வேறுபாடு கிடையாது. பலத்த அடி என்றால் துடிப்புகள் நெருக்கமாக வரும், அதிக இழைகளில் வரும், அவ்வளவே.

ஒவ்வோர் இடத்திலும் புதிதாக நிகழ வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. 1850ஆம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை அளந்து காட்டும்வரை, நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரான யோஹான்னஸ் முல்லர் போன்றவர்களே கருதியிருந்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும், தொலைவில் ஒருமுறையும் தூண்டினார். தசை சுருங்குவதில் ஏற்பட்ட கால வேறுபாட்டைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார். விநாடிக்கு 30 மீட்டர் அளவில்தான் விடை வந்தது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வேகம் ஏன் அவ்வளவு என்பது விளங்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் ஊசிக்கணவாயின் ராட்சத ஆக்சானில் வேலை செய்தார்கள். அது அரை மில்லிமீட்டர்வரை தடித்தது, வெறும் கண்ணுக்கே தெரிவது, உள்ளே நுண்கம்பியைச் செலுத்த முடிவது. 1952இல் சவ்வின் இயல்புகளை மட்டும் சமன்பாடுகளாக எழுதி, கையால் சுற்றும் கணக்குப் பொறியில் படிப்படியாகக் கணக்கிட்டு, துடிப்பு விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் செல்லும் என்று கண்டார்கள். உயிருள்ள ஆக்சானில் அளந்த வேகம் 21.2 மீட்டர். உயிரியலில் இவ்வளவு நெருக்கமாக விடை கொடுத்த கணக்குகள் மிகச் சில. 1963இல் இருவரும் நோபல் பரிசு பெற்றது முற்றிலும் தகும்.

கணவாய்க்கு அந்த வேகத்தைத் தந்தது தடிமன். நம் உடலில் அவ்வளவு தடித்த இழைகளுக்கு இடமில்லை. அதற்குப் பதிலாகச் சில இழைகள்மீது மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ரான்வியர் கணு எனப்படும் இடங்களில் மட்டும் சவ்வு வெளியே திறந்திருக்கும். உறை கசிவைத் தடுப்பதால் துடிப்பைக் கணுக்களில் மட்டும் புதுப்பித்தால் போதும். கணவாயின் ஆக்சானைவிடப் பல மடங்கு மெல்லிய இழை, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்தி கடத்துவது இதனால்தான்.

இப்போது உங்கள் கட்டைவிரலுக்கு வருவோம். தொடுகையையும் அழுத்தத்தையும் சொல்லும் இழைகள் தடித்தவை, உறையிடப்பட்டவை. விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர்வரை கடத்துபவை. இடித்தது ‘உடனே’ தெரிந்தது அவற்றால். சுரீரென்ற முதல் வலியைக் கொண்டுவந்தவை மெல்லிய உறை கொண்ட இழைகள். அவற்றின் வேகம் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சலைக் கொண்டுவரும் இழைகளுக்கு உறையே இல்லை. அவை விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர்வரைதான் கடத்தும். ஒரு மீட்டர் தூரத்தை அந்த வேகத்தில் கடந்து பாருங்கள்: நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த நேரம் கிடைத்துவிடும். மூக்கில் அடிபட்டால் இந்த இடைவெளி ஏறக்குறையத் தெரியாது, தூரம் குறைவு என்பதால்.

தண்டுவடத்தில் ஓர் இழை முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடத்தில் மின் துடிப்பு நின்றுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் சில பத்தாயிரங்களில் ஒரு பங்கே அகலமுள்ள இடைவெளியில் வேதிப்பொருள் சொரியப்பட்டு, அதுதான் மறுகரையைத் தூண்டுகிறது. 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டபோது, தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. மின்சாரம் மட்டுமே வேலை செய்கிறது என்றால் இது நடந்திருக்காது. இது தனிக் கட்டுரைக்குரியது என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் மரப்பு ஊசி வேலை செய்வதும் சோடியம் வாயிலில்தான். இத்தகைய ஊசிகளில் வழக்கமாக இருக்கும் லிடோகேயின் என்ற மருந்தின் மூலக்கூறு சவ்வைக் கடந்து உள்ளே போய், உட்புறத்திலிருந்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. சோடியம் பாயாவிட்டால் துடிப்பு அடுத்த இடத்துக்குப் பரவாது. அப்படி அடைபட்ட இழையின் வழியே எந்தச் செய்தியும் மூளைக்குப் போகாது. ஆனால் எல்லா இழைகளும் ஒன்றுபோல் அடங்குவதில்லை. மெல்லிய வலி இழைகள் குறைந்த மருந்திலேயே அடங்கிவிடும், தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. நீங்கள் அழுத்தத்தை உணர்ந்தும் வலியை உணராதது இதனால்தான். ஒரு பயனுள்ள செய்தியும் உண்டு. சவ்வைக் கடக்க வல்லது மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு மட்டுமே. சீழ் பிடித்து வீங்கிய ஈறு சற்று அமிலத்தன்மை கொண்டிருப்பதால், அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஊசி சரியாக ஏறவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியிலேயே மருந்தைச் செலுத்த அவர்களுக்குத் தெரியும்.