ஃபார்மட் செய்யச் சொல்லும் ஹார்டு டிஸ்கிலிருந்து புகைப்படங்களை மீட்க முடியுமா?

மடிக்கணினியின் ஹார்டு டிஸ்கைத் திறந்தாலே ஃபார்மட் செய்யச் சொல்கிறது, உள்ளே பல ஆண்டுக் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன, எந்த மென்பொருளை நிறுவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மீட்க முடியும். ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன், அந்த அறிவிப்பை ரத்து செய்து கணினியை அணைத்துவிடுங்கள். அடுத்து என்ன செய்வது என்று முடிவாகும் வரை அந்த டிஸ்குக்கு மின்சாரமே போகக் கூடாது.

இத்தகைய டிஸ்கின் உள்ளே வட்டுகள் பொதுவாக நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின் பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் படிக்கும் முனை மிதக்கிறது. பழுதான முனை வட்டில் உரசினால் தகவல் பதிந்திருக்கும் காந்தப் பூச்சே சுரண்டப்பட்டுவிடும். அப்படிப் போனதை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. ஆகவே 'டக் டக்' என்று சீராகத் தட்டும் ஒலியோ உரசும் ஒலியோ கேட்டிருந்தால், வீட்டில் எதையும் முயலாமல், தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு ஆய்வகத்துக்கு அப்படியே கொண்டுசெல்லுங்கள். ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்து, இருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

விபரீதமான ஒலி எதுவும் இல்லாமல், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) டிஸ்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால் நீங்களே முயலலாம். அப்போதும் பழுதான டிஸ்கில் நேரடியாக வேலை செய்யாமல், முதலில் அதை முழுமையாக வேறொரு டிஸ்குக்குப் பிரதியெடுக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்கின் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை இதற்கு முன் ஓட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சரிசெய்வதற்காக டிஸ்கிலேயே எழுதும், உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை அன்று.

பிரதியெடுக்க, உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை யுஎஸ்பியிலிருந்து தொடங்கி, குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பிரதி போகும் டிஸ்க், பழையதைவிடக் கொள்ளளவில் குறையாததாக இருக்க வேண்டும். எது மூலம், எது பிரதி என்பதை எண்டரைத் தட்டுமுன் இருமுறை சரிபாருங்கள், ஏனெனில் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். சாதாரண நகலெடுப்பு ஒரு பழுதான செக்டரிலேயே (டிஸ்கின் சிறிய சேமிப்புக் கூறு) முட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், பிறகே அவற்றுக்குத் திரும்புகிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் அக்காவின் டிஸ்கை இப்படி எடுத்தபோது, பெரும்பகுதி விரைவாக வந்துவிட்டது. பிறகு ஓரிடத்தில் வேகம் நொடிக்குச் சில கிலோபைட்டாகச் சரிந்து, திரையில் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே பொறுமை வேண்டும்.

பிரதி கிடைத்ததும் அதன்மீது டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினால், பகிர்வு அட்டவணை (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) மட்டும் கெட்டிருக்கும் பட்சத்தில் கோப்புறைகள் பெயரோடு திரும்பிவிடும். அது பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இருக்கிறது. ஜேபெக் போன்ற கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடியே அது படங்களைக் கண்டெடுப்பதால், பழைய பெயர்களும் கோப்புறைகளும் பெரும்பாலும் வாரா. ஆனாலும் கேமரா பதிந்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், அதைக்கொண்டு அடுக்கிக்கொள்ளலாம். அக்காவின் படங்களை அப்படித்தான் அடுக்கினோம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கிய கணினியென்றால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பிரதியும் பயன்படாது.

ஆய்வகத்துக்கே போக நேர்ந்தால், இதுவரை டிஸ்கில் என்னென்ன முயன்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கோப்புறை உங்களுக்கு மிக முக்கியம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். டிஸ்க் முழுவதும் தாங்காது என்று தெரிந்தால், இயன்றவரை அதை முதலில் எடுக்க முயல்வார்கள்.