அருகருகே இருவர் உடம்பில் கருவிகள்: பூஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: அப்பா, அம்மா இருவரும் இதயத்துடிப்பு பார்க்கும் மார்புப் பட்டையும் விரலில் ஆக்சிமீட்டரும் அணிகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் போனில் அளவு வருவது அடிக்கடி நின்றுபோகிறது. ஒன்றின் சிக்னல் மற்றதைக் கெடுக்கிறது, பூஸ்டர் வைத்தால் சரியாகும் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தக் கருவிகளுக்கு பூஸ்டர் என்று விற்பது பெரும்பாலும் வெறும் டப்பா. தப்பித்தவறி வேலை செய்தாலும், ஒரே அறையில் ஒருவர் கத்தினால் மற்றவர் பேச்சு அமுங்குவது போலத்தான் ஆகும். 'மருத்துவத்துக்கென்று தனி அலைவரிசை' என்று அடுத்து ஒருவர் வருவார். அவரையும் அனுப்பிவிடுங்கள். கடையில் கிடைப்பதெல்லாம் அநேகமாக புளூடூத்தில்தான் ஓடுகிறது.

இவற்றில் இருக்கும் குறைந்த மின்சார வகை புளூடூத் (BLE), 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 40 தடங்களாகப் பிரித்து, தாவித் தாவிப் பேசும். இரைச்சலான தடத்தை ஒதுக்கிவிடும். உங்கள் நான்கு கருவிகளும் அனுப்புவது சொற்பத் தகவல். அவை தமக்குள் சண்டை போடுவது அரிது.

தொல்லை வைஃபையிலும் உடம்பிலும் இருக்கிறது. வைஃபையும் பெரும்பாலும் இதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் ஒரு தடமே 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், இந்த அலைவரிசையில் ஏறக்குறைய கால்வாசி. உடம்பில் உள்ள தண்ணீரோ இந்த அலையை உறிஞ்சிவிடும். அம்மா குப்புறப் படுத்தால் பட்டை அவர் உடம்புக்கு அடியில் போய்விடுகிறது. டிவி, லேப்டாப்பை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ஆளுக்கொரு போன், அவரவர் தலைமாட்டில்.

ஒன்றில் மட்டும் நிஜமாகவே உஷாராக இருங்கள். சில மலிவு ஆக்சிமீட்டர்களின் செயலி, அதே பெயரில் முதலில் அகப்படும் கருவியோடு ஒட்டிக்கொள்ளும். இருவரிடமும் ஒரே மாடல் என்றால் அப்பாவின் ஆக்சிஜன் அம்மாவின் கணக்கில் ஏறும். சிக்னல் அறுந்தாலாவது தெரிந்துவிடும். இதில் திரை ஒழுங்காகவே காட்டும், எண் மட்டும் அடுத்தவருடையது. இரண்டு கருவியையும் அணையுங்கள். அப்பாவுடையதை மட்டும் போட்டு, அம்மாவின் போனில் செயலியைத் திறங்கள். எண் வந்தால் அகப்பட்டுவிட்டது. ஒருவருக்கு வேறு மாடல் வாங்குங்கள். பூஸ்டருக்கு வைத்த பணம் அதற்குப் போகட்டும்.

உடலில் அணியும் கருவிகளுக்கென்றே 802.15.6 என்ற தொழில்நுட்ப விதிமுறை (ஸ்டாண்டர்டு) 2012இலேயே வந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்களின் கருவி வலைகள் நேரத்தைப் பங்கு போடுவது, அவசரச் செய்திக்கு முதலிடம் தருவது எல்லாம் அதில் எழுதியாயிற்று. எழுதியதோடு சரி, கடைக்கு வரக் காணோம். பெட்டியில் ஆயிரம் வசதி அச்சடிப்பவர்கள், இணைப்பு அறுந்தால் கருவி அளவுகளைச் சேமித்து வைக்குமா என்ற ஒரு வரியை மட்டும் போடுவதில்லை. நீங்களே பார்த்துவிடலாம். போனில் புளூடூத்தைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். வரைபடத்தில் அந்த இடைவெளி நிரம்பினால் நல்லது. நிரம்பாவிட்டால், இரவுக் கண்காணிப்புக்கு அந்தக் கருவியை நம்பாதீர்கள். மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.