42 படி ஏறி வந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

வாசகி கேட்டது:

"டிக்கோயாவுக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து 42 படி ஏறினால் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் 26 வருடம் வேலை செய்தவள். கணவர் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவர் இறந்து மூன்று வருடம். மகள் வத்தளையில், மகன் கட்டாரில். மகளோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்பனைக்குப் போட்டு 14 மாதம் ஆகிறது. 85 இலட்சம் கேட்கிறோம். உறுதி அவர் பெயரில் பத்திரமாக இருக்கிறது. உறுதியில் 8 பேர்ச்சஸ். மேல்பக்கம் தோட்டக் காணியில் 3 பேர்ச்சஸ் வேலி போட்டு மரக்கறி செய்கிறோம். அதையும் சேர்த்து 11 பேர்ச்சஸ் என்று விளம்பரத்தில் போட்டோம். இதுவரை 9 குடும்பம் வந்து பார்த்தது. எல்லோரும் நல்ல வீடு என்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். பிறகு போன் எடுத்தாலும் பதில் இல்லை. அவர் இந்த வீட்டிலேயே இறந்ததால் யோசிக்கிறார்களா? வாஸ்து பார்க்க வேண்டுமா? புரோக்கர் 60க்கு இறக்கச் சொல்கிறார். நான் என்ன செய்ய?"

அன்புள்ள அக்கா,

60க்கு இறக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளைக்கு விலையைத் தொடவே வேண்டாம்.

ஒன்பது குடும்பம் வந்திருக்கிறது. அதில் ஒருவராவது பேரம் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. விலை கூடவென்று நினைத்திருந்தால் "70க்குத் தருவீர்களா" என்று ஒருவராவது கேட்டிருப்பார். கேட்காமலே போய்விட்டார்கள் என்றால் அவர்களைத் தடுத்தது வேறு ஏதோ. உங்கள் கடிதத்தையும் கூட வந்த ஆறு படங்களையும் வைத்துப் பார்த்தபோது அது என்னவென்று ஓரளவு புரிந்தது. அவர்கள் பயந்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிச் சின்ன வீட்டை யார் வாங்க வருவார்கள் என்று யோசியுங்கள். கொழும்பில் கடையில் பதினைந்து வருடம் நின்று காசு சேர்த்த பையன், கணவனும் மனைவியுமாகப் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்கள், கிளங்கன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தாதி, சேமலாப நிதி கைக்கு வந்த ஒரு தகப்பன். இவர்களில் பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். அவர்கள் குடும்பத்தில் யாரும் கையில் பிடித்துப் பார்க்கும் முதல் காணி உறுதி இதுவாகத்தான் இருக்கும். பெரிய பங்களா வாங்குகிறவருக்கு ஒரு வீடு பிழைத்தால் இன்னொரு வீடு இருக்கும். இவருக்கு இருப்பது இந்த ஒரு தொகைதான், அதிலும் முக்கால்வாசி கடன். சந்தேகம் என்று ஏதாவது தட்டுப்பட்டால் சண்டை போடாமல், விலை பேசாமல், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சந்தேகத்துக்கு முதல் காரணம் உறுதி. "அவர் பெயரில் பத்திரமாக இருக்கிறது" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள், அக்கா. சிக்கலே அங்கேதான். கணவர் மரணசாசனம் (உயில்) எழுதாமல் போயிருந்தால், நம் பொதுச் சட்டப்படி சொத்தில் பாதி உங்களுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது உங்களுக்கு அரைவாசி, மகளுக்குக் கால், மகனுக்குக் கால். மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் அந்த வீட்டை முழுதாக யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குப் போட்டுத்தான் கைமாற்ற வேண்டியும் வரலாம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இது யாரோடும் போடும் சண்டை இல்லை. இறந்தவரின் சொத்து யார் யாருக்கு என்று நீதிமன்றம் உறுதி செய்கிற வேலைதான். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

வாங்க வந்தவர் செய்திருப்பது இதுதான்: உறுதியின் போட்டோப் பிரதியை வங்கிக்குக் கொண்டு போயிருப்பார். வங்கியின் சட்டத்தரணி பெயரைப் பார்த்திருப்பார், மரணச் சான்றிதழைக் கேட்டிருப்பார், "வாரிசு அலுவலை முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருப்பார். கணவனை இழந்த ஒரு அம்மாவுக்குப் போன் எடுத்து அதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் போனுக்குப் பதில் இல்லை.

எங்கள் அப்பாவின் பண்டாரவளை வீட்டில் எங்களுக்கும் இதேதான் நடந்தது. பெயின்ட் அடித்தோம், படிக்கு சீமெந்து பூசினோம், பூச்சாடி வைத்தோம். ஒன்றரை வருடம் போனது. கடைசியில் ஒரு தாதி, வீடு பார்க்க வந்தவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "உறுதி சரியானதும் எனக்குச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அம்மாவின் ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உறுதி முடித்த நொத்தாரிசு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் ஹட்டனில் நம்பிக்கையான ஒருவரிடம் உறுதி, நில அளவைப் படம், மரணச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டு போங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவைத் தேடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்குபவர் எப்படியும் அதைக் கேட்பார். மகன் இதற்காக லீவு போட்டு வரத் தேவையில்லை. கட்டாரிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் மகளின் பெயருக்கோ உங்கள் பெயருக்கோ அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதி அனுப்பலாம்.

இதெல்லாம் முடியும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதுவோம் என்று புரோக்கர் சொன்னாலும் வேண்டாம். காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். தாளில் எழுதியது உங்களையும் காப்பாற்றாது, வாங்குபவரையும் காப்பாற்றாது.

அடுத்தது அந்த 11 பேர்ச்சஸ். இதில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 8 பேர்ச்சஸ்தான் உங்களுடையது. மேல்பக்கத்து 3 பேர்ச்சஸ் தோட்டக் காணி. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகும் பெரும்பாலான தோட்டக் காணிகளின் சொந்தக்காரர் அரசுதான். பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் காணி நமக்குச் சொந்தம் என்று ஊரில் சொல்வார்கள். தனியார் காணியில் அப்படி ஒரு உரிமை கேட்க வழி இருக்கிறது, அரச காணிக்கு எதிராக அது செல்லாது. அந்த 3 பேர்ச்சஸில் நீங்கள் போட்ட லீக்ஸும் கரட்டும் உங்கள் உழைப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விற்க முடியாததை விளம்பரத்தில் போட்டால், நில அளவைப் படத்தையும் வேலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள் முழு வீட்டின் மேலும் நம்பிக்கை இழப்பார். மூன்று பேர்ச்சஸைக் காட்டப் போய் எட்டையும் சந்தேகத்தில் விட்டீர்கள். விளம்பரத்தில் 8 என்று மாற்றுங்கள். பார்க்க வருபவரிடம் 8 பேர்ச்சஸ் முடிகிற இடத்தைக் காட்டி, "இது வரைதான் எங்கள் எல்லை, அதற்கு மேல் தோட்டக் காணி" என்று நீங்களே சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் அவர் நம்புவார்.

அந்த 42 படி யாருடைய காணியில் இருக்கிறது? கடிதத்தில் அது இல்லை. மலையில் பல வீடுகளுக்கு இது பெரிய கேள்வி. கீழ்வீட்டுக்காரரின் காணி வழியாகப் போகிறதென்றால் வழியுரிமை உறுதியிலும் படத்திலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குக் கீழ்வீட்டுக்காரர் நல்லவர், சரி. நாளை அவர் பிள்ளை கேட் போட்டால்? வங்கியும் இதைப் பார்க்கும். எழுத்தில் இல்லாவிட்டால், உறவு நன்றாக இருக்கும் இந்த நேரத்திலேயே நொத்தாரிசைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். ரோட்டில் கடை வைத்திருப்பவரோடு பேசி ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கேட்டு வைத்தால், படியைப் பார்த்துத் தயங்கும் இளம் ஆளுக்கு அது பெரிய ஆறுதல்.

இனி படங்கள். நான்காவது படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டின் பின்சுவர். வெட்டிய மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாகத்தான் போகலாம். அந்த இடுக்கில் கான் இருக்கிறது, அதில் சவுக்கு இலை முழங்கால் உயரத்துக்கு நிரம்பியிருக்கிறது. சுவரில் தரையிலிருந்து ஜன்னல் கட்டை வரைக்கும் கறுப்பாக ஓதம். மேட்டிலிருந்து ஒரு வேர் வெளியே தொங்குகிறது. இதை நீங்கள் தினமும் பார்ப்பதால் கண்ணில் படவில்லை. வருகிறவர் வேறு எதையும் பார்க்க மாட்டார், இதைத்தான் பார்ப்பார்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது, நம் மலைப்பகுதி மிக மோசமாக அடிபட்டது. அதற்குப் பிறகு மலையில் வீடு பார்க்க வருகிற எவரும் முதலில் பின்பக்கம் போய் மண்மேட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கானைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள், ஆனால் ஓதத்தின் மேல் மட்டும் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் மண்சரிவு அபாயம் பற்றி இடத்தைப் பார்த்து அறிக்கை தரும்படி விண்ணப்பியுங்கள். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் வழி கேட்கலாம். அறிக்கை நல்லபடி வந்தால், வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் காசை விட அந்தத் தாள் உங்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும். மேட்டைச் சரித்து வெட்டவோ சுவர் கட்டவோ சொன்னால் அதைச் செய்துவிட்டு விற்கலாம், அல்லது செலவை விலையில் கழித்துக் கொடுக்கலாம். இடம் ஆபத்தானது என்று வந்தால், அக்கா, அதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்ட உங்களுக்கு மனம் வராது. அப்போது நீங்களும் அங்கே ஒரு மழைக்காலம்கூட இருக்க வேண்டாம்.

மற்றப் படங்கள் எல்லாம் மழையில் எடுத்தவை. ஒன்றில் கொடியில் ஈரத் துணி, ஒன்றில் பகலிலேயே மின்குமிழ் எரிகிறது. உங்கள் பக்கம் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த நேரத்தில் எந்த வீடும் இருட்டாக, சில்லென்று, சாம்பல் வாசத்தோடுதான் இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் இருக்கும், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் இருப்பவர்களும் ஊருக்கு வருவார்கள். அப்போது ஒரு காலையில் ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துப் புதுப் படம் எடுங்கள். பதுளைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே வருடக் கடைசியில்தான் பெரிய மழை.

உங்கள் கணவர் அந்த வீட்டிலேயே இறந்தது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்காக யாரும் விலகவில்லை என்றே நினைக்கிறேன். நம் ஊரில் யார் வீட்டில்தான் சாவு நடக்கவில்லை? யாராவது கேட்டால், என்ன வருத்தம், எத்தனை நாள் படுத்திருந்தார் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் ஹோலில் மாலையோடு இருக்கும் அவருடைய படத்தை, வீடு பார்க்க வருகிற நேரத்தில் மட்டும் உங்கள் அறைக்குள் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவர் சாய்ந்து பேப்பர் வாசித்த கதிரையை எடுக்கச் சொல்ல மாட்டேன். இரண்டாவது படத்தில் ஜன்னலோரம் அது அழகாக இருக்கிறது.

விலைக்கு வருகிறேன். 85 என்ற தொகை எப்படி வந்தது? ரோட்டோரக் காணி விலை, வீடு கட்டிய செலவு, மகளுக்குத் தேவைப்படும் தொகை, இந்த மூன்றையும் கூட்டி வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். படி ஏறிப் போகும் காணிக்கு ரோட்டோரத்து விலை கிடைக்காது. வங்கிகளுக்கு மதிப்பீடு செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு அறிக்கை எடுங்கள். வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுப்பது நீங்கள் சொல்லும் விலையில் இல்லை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில் ஒரு பங்குதான். அதற்கு மேலே முத்திரை வரி வேறு இருக்கிறது: முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 85 இலட்சத்துக்கு அது மட்டும் 3 இலட்சத்து 39 ஆயிரம் ரூபாய். நொத்தாரிசின் கட்டணம் தனி. இவ்வளவையும் அவர் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். கடைசிப் பேச்சில் இரண்டு மூன்று இலட்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் இதை நினைத்துக்கொண்டு கொடுங்கள். 25 இலட்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. உறுதிச் சிக்கலோடு 60க்கு வாங்கி, சிக்கலைத் தீர்த்து நல்ல விலைக்கு விற்கக் காத்திருப்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

இடையில் வாடகைக்குக் கொடுக்கலாமா என்ற யோசனையும் வரும். கொடுத்தால் குறுகிய காலத்துக்கு, எழுத்தில் கொடுங்கள். ஆள் இருக்கும் வீட்டை வாங்க எல்லோரும் தயங்குவார்கள்.

கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு நாள். அன்றைக்கு மகனுக்குப் போன் எடுத்து, மகளையும் அதே போனில் சேர்த்துக்கொண்டு, மூன்று பேரும் உறுதி விஷயத்தைப் பேசுங்கள். அதற்கு முன் நாளைக்கே ஒரு ஆளைப் பிடித்து அந்தக் கானில் இருக்கும் இலையை அள்ளச் சொல்லுங்கள்.