சுடலைமுத்துவின் மகன்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பேரனோடு நாகர்கோவில் வந்திருந்தேன். மணிமேடை சந்திப்பில் சிலையைப் பார்த்துவிட்டு, "அது யாரு பாட்டா?" என்று கேட்டான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், அந்தக் காலத்துச் சிரிப்பு நடிகர் என்றேன். வீட்டுக்கு வந்ததும் செல்போனில் இரண்டு காட்சிகள் பார்த்தான். "இதுல எங்க சிரிக்கணும்?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக எடுத்து ஒட்டியவைதானே அவர் காட்சிகள் என்றும் சொல்கிறார்கள். கொலை வழக்கும் கொடைக் குணமும் இல்லாவிட்டால் அவரை இத்தனை பேர் நினைத்திருப்பார்களா?

சு., தக்கலை

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் பேரனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வயதில் நானும் அதையேதான் கேட்டேன். எனக்கு விடை கிடைத்தது எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். என்.எஸ். என்றால் நாகர்கோவில் சுடலைமுத்து. 1908 நவம்பர் 29 அன்று, பழையாற்றை ஒட்டிய ஒழுகினசேரியில், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் பிறந்தார். அப்பா பெயரில் சுடலை, அம்மா பெயரில் இசக்கி, இரண்டுமே நாட்டார் தெய்வங்கள். நம்மூரில் யார் யாருக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோமோ அவர்கள் பெயரைத்தான் அந்த வீட்டில் தினமும் கூப்பிட்டிருக்கிறார்கள். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், வில்லுப்பாட்டில் பாடினார், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1935இல் 'மேனகா', 1936இல் 'சதி லீலாவதி' என்று சினிமா வந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் வருகிற அந்த வில்லைத்தான் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வில்லுப்பாட்டு நடக்கிற வில்லடி மேடையை நினைத்துப் பாருங்கள். அண்ணாவி, அதாவது முதன்மைப் பாடகர், வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை எடுக்கிறார். உடுக்கை, தாளம், குடம். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போடுகிறார். கொஞ்ச நேரம் போனதும் அந்த "ஆமா" நின்றுவிடும். "அதெப்படி அண்ணாவி?" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவருக்கு விடை தெரியும். தெரியாதவர் போலக் கேட்கிறார். கோயில் முற்றத்தில் இருக்கிறவர்களின் மனசில் உள்ள சந்தேகத்தை அவர் வாயால் கேட்கிறார். அண்ணாவி விளக்குவார், விளக்கத்திலேயே மாட்டிக்கொள்வார், மறுபடியும் கேள்வி வரும். விடிய விடியச் சிரிப்பு வருவது அங்கேதான். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த ஆச்சி, பாதித் தூக்கத்திலும் அந்தக் கேள்விக்கு மட்டும் கண் விழித்துக்கொண்டாள்.

இனி கலைவாணரும் அவர் மனைவியும் உடன் நடித்தவருமான டி.ஏ.மதுரமும் பேசுகிற காட்சி ஒன்றைப் பாருங்கள். ஒருவர் அடித்துச் சொல்வார், மற்றவர் அப்பாவியாகக் கேட்பார். சில சமயம் இடம் மாறிக்கொள்வார்கள். மதுரம் இல்லாமல் அந்தக் கலை பாதிதான் என்பது என் உறுதியான எண்ணம். அவரை வெறும் ஜோடி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. செல்போனில் பார்க்கும்போது "ஆமா" போடுகிற கூட்டம் இல்லை. அதனால்தான் பேச்சு மெதுவாகப் போவதுபோல இருக்கிறது. எல்லாக் காட்சியும் இன்றைக்கும் நிற்கும் என்று சொல்லவில்லை. பெண்களுக்குப் புத்தி சொல்கிற சில இடங்கள் எனக்கும் உறுத்துகின்றன.

ஒட்டுவேலை என்பது பற்றி: ஆமாம், அவர் தன் குழுவோடு தானே எழுதி, தனியாகப் படமெடுத்துக் கொடுத்த காட்சிகள் நிறைய உண்டு. நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி, கதையை விட்டு வெளியே வந்து ஜனங்களிடம் நேரே பேசுவானே, அந்த வழக்கத்தின் தொடர்ச்சி அது. கதாநாயகன் பேச முடியாததை அந்த இடத்தில் நின்று பேசலாம். 1949இல் வந்த 'நல்லதம்பி'யின் கிந்தனார் காலட்சேபம் அதற்குச் சாட்சி. தீண்டாமைக்கு ஆளான பக்தர் நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். பாட்டு உடுமலை நாராயணகவி. உருவம் கதாகாலட்சேபம்தான், ஆனால் உள்ளே ஓடுகிற பேச்சு நம்மூர் வில்லடி மேடையுடையது என்றே என் காதுக்குக் கேட்கிறது. தீண்டாமையைப் பற்றி இவ்வளவு இதமாக, இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறொரு நடிகரை நான் பார்த்ததில்லை. உங்கள் பேரனுக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.

வழக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலை. கூடவே சிறையிருந்த நட்சத்திர நடிகர் தியாகராஜ பாகவதரின் சினிமா வாழ்வு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. கலைவாணர் மீண்டார். அவர் உள்ளே இருந்த காலத்தில் மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் நாடகக் குழுவை அணையாமல் காத்தார்கள். வந்ததும் நடித்தார். 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கினார். அதோடு வில்லையும் மறுபடி கையிலெடுத்தார். காந்தியின் கதையை வில்லில் பாடினார். நெல்லைச் சீமையிலிருந்து வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப் போனவரும் அவரே. பட்டணத்து மேடைகளில் பின்னால் பல பத்தாண்டுகள் வில்லுப்பாட்டு ஒலித்ததற்கு அந்த அழைப்பு ஒரு பெரிய காரணம்.

கொடைக் குணத்தைப் பற்றி எழுதாத ஆளில்லை, நான் விட்டுவிடுகிறேன். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் பிறந்த அவர், குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து பத்து மாதம் ஆவதற்குள், 1957 ஆகஸ்ட் 30 அன்று போய்விட்டார். 48 வயது.

கொடைக் காலத்தில் பேரனை இங்கே கூட்டி வாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் இன்றும் வில்லு வைக்கிறார்கள். பந்தலில் பின்னால் உட்கார வேண்டாம். குடம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துத் தருகிறேன். அண்ணாவி கதை எடுத்து, முதல் "ஆமா" நிற்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.