இகுவானா கூண்டுக்கு என்ன விரிப்பு?

கேள்வி: இரண்டு வயது பச்சை இகுவானா (பெரிய பல்லி வகை) வளர்க்கிறேன். கூண்டுத் தரையில் தேங்காய் நார்த்தூள் போட்டிருக்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பியை, அதாவது மரவள்ளிச் சக்கையை, காயவைத்துப் போட்டால் செலவே இல்லை என்கிறார் நண்பர். போடலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: திப்பி மாட்டுத் தீவனமாகவே இருக்கட்டும். அதில் தங்கியிருக்கும் மரவள்ளி மாவில் ஈரம் பட்டால் புளித்து நாறும், பூஞ்சை பிடிக்கும். நார்த்தூளையும் அள்ளிவிடுங்கள். இகுவானா எதையும் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துத்தான் அறியும். நாக்கிலும் கீரையிலும் ஒட்டுகிற தூள் உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். மணலும் மரத்தூளும் அப்படித்தான். தீனி எடுக்காமல் வயிறு உப்பி, நாலைந்து நாள் எச்சமிடாமல் முக்கினால், விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மரத்தில் வாழும் பிராணிக்குத் தரை வெறும் கழிப்பிடம். பழைய செய்தித்தாளே போதும். நாலைந்து தாள்களை அடுக்கி, மூலை வரை இடைவெளி இல்லாமல் விரித்து, அழுக்கான அன்றே மாற்றுங்கள். எச்சம் தண்ணீராகப் போனாலும் காகிதத்தில் உடனே தெரிந்துவிடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் தரைக்கு ஒட்டும் பிவிசி விரிப்பை அளவாக வெட்டிப் போட்டு, ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். பசையின் புளித்த வாடை முழுதும் போன பிறகே பிராணியை விட வேண்டும். செயற்கைப் புல் பார்க்க அழகு. ஆனால் பிரிந்த இழை விரலைச் சுற்றி இறுக்கினால் விரலே போய்விடும். தரையை ஃபினாயிலால் துடைக்காதீர்கள், அது ஊர்வனவற்றுக்கு நஞ்சு. வாரம் ஒருமுறை, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், சால்மோனெல்லா கிருமி பரவும்.

கேள்வி: மார்கழியில் கூண்டுத் தரை சில்லென்று இருக்கிறது. எஸ்டேட்டில் கிடைக்கும் காபித் தோலைக் கனமாகப் பரப்பலாமா? சூடேறும் கல் வைக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டுமே வேண்டாம். காபித் தோல் வாயில் போகும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். சூடேறும் கல்லில் வயிறு வெந்துபோகும் வரை இகுவானா நகராமல் படுத்திருக்கும். கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, அடியில் வெளிப்புறமாகத் தெர்மாகோல் வையுங்கள். மேல் கிளையில் 35 முதல் 38 டிகிரி, மற்ற இடத்தில் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். இரவுக்கு, கம்பி வலை மூடிய செராமிக் ஹீட்டரை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். உடம்பு சூடாகாவிட்டால் தின்றது செரிக்காது. காகிதம் விரித்திருந்தாலும் மலச்சிக்கல் வரும்.

ஈரப்பதத்துக்காகத் தரையை நனைக்காதீர்கள். வயிற்றுத் தோலில் புண் வரும். காலையில் இலைகள் மேல் தண்ணீர் தெளித்து, அகலமான தொட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தால் போதும்.