பீடத்தில் நின்று சின்னம் சொல்லலாமா?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் வசிக்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவையில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். தேர்தல் நெருங்குவதால், ஞாயிறு பூசை முடிவில் சாமியார் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று பேரவையில் சிலர் கேட்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் என் சொந்த அண்ணன். நான் கூடாது என்றேன். “உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது. மற்றவர்களெல்லாம் சேர்ந்து ஓட்டுப் போடும்போது நாம் மட்டும் சிதறினால் நம்மை யார் மதிப்பார்கள்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகனோ, கோயிலில் அரசியல் பேச்சே எழக் கூடாது, மதம் வேறு, அரசியல் வேறு என்கிறான். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. விசுவாசமுள்ள ஒரு பெண் அரசியலில் என்னதான் செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். விசுவாசம் ஒருவரை அரசியலுக்குள் கொண்டுவந்து சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் அது வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டுமேயொழிய, எந்தச் சின்னத்தில் பொத்தானை அழுத்துவது என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் உங்கள் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். விசைப்படகு முதலாளி இருப்பார், அவர் படகில் கூலிக்குப் போகிறவர் இருப்பார், நாட்டுப்படகுக்காரர் இருப்பார். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் மற்ற நான்கு நாள் நாட்டுப்படகும் என்று முறை வைத்துத் தொழில் நடப்பதே, ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு இடையிலும் கடலில் தகராறு வந்ததால்தான். பின்வரிசையில் பாசி எடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் திணிக்கிற அந்தக் கைகளை நீங்கள் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். துணி சுற்றியும் விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, தாயும் பாட்டியும் பாசி எடுத்த தீவுக் கரைகளுக்கு இவர்கள் போவதே குற்றமாகிவிட்டது. அதே தண்ணீரில் இவர்களோடு மூழ்கி எழுகிற பக்கத்து ஊர்ப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்கு விளக்கு வைப்பவளாக இருப்பாள். ஓட்டு என்று வரும்போது பாசி எடுக்கும் உங்கள் பங்குப் பெண்ணின் கவலையும் அவளுடைய கவலையும் ஒன்றே. விசைப்படகு முதலாளியின் கவலை வேறு. பீடத்திலிருந்து ஒரு பெயர் ஒலித்தால் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே நொடியில் மறைக்கப்பட்டுவிடும். அந்தப் பெயருக்கு ஓட்டுப் போடாதவள், தன் பிழைப்பை நினைத்து ஓட்டுப் போட்டவளாக அல்லாமல் விசுவாசத்தைக் கைவிட்டவளாகப் பார்க்கப்படுவாள். உங்களுக்கே அது நேர்ந்திருக்கிறதே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி, வேட்பாளரோ அவருடைய முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று அச்சுறுத்துவதும் அந்தப் பிரிவுக்குள்ளேயே வரும். இங்கே மதம் என்பது வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தையும் குறிக்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இது நிரூபிக்கப்பட்டால் வென்றவரின் தேர்தலே செல்லாமல் போகும். அதுவன்றி, வழிபாட்டு இடங்களை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே அண்ணன் கேட்பது, அவர் ஆதரிக்கும் வேட்பாளருக்கே கேடாக முடியலாம்.

ஆனால் அண்ணனின் அச்சத்தைச் சட்டம் சொல்லி அடக்கிவிட முடியாது, அடக்கவும் கூடாது. எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு, சேர்ந்து நிற்காவிட்டால் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம் அனுபவத்திலிருந்து வருவது. அந்த அச்சத்தை மதித்தே ஓரியூரை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்திருப்பீர்கள். 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துகீசிய மறைப்பணியாளர் அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தது இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் ஆட்சியில். அந்தச் சேதுபதி வேற்று மதத்தாரை வெறுத்தவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது; கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு மிக நெருங்கியவர். அப்படியிருந்தும் அருளானந்தரை ஏன் கொல்லச் செய்தார்? அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் அரசுரிமை கோரக்கூடியவர். ஞானஸ்நானத்துக்குப் பின் அவர் ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதென்று மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். குடும்பப் பூசலும் அரியணை அச்சமும் ஒன்றாகக் கலந்தன. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: ஒரு மதம் ஆள் சேர்க்கிறது என்று ஆட்சியில் இருப்பவருக்குத் தோன்றிவிட்டால், அதை அவர் ஒரு வழிபாடாகப் பார்ப்பதை விட்டுவிட்டு எதிரிப் படையாகப் பார்க்கத் தொடங்குகிறார். பீடத்திலிருந்து சின்னம் சொல்கிற பங்கு, மறுதரப்பு வென்றுவிட்டால் அடுத்த ஐந்தாண்டுகள் அந்தப் பார்வையின் கீழே வாழ வேண்டியிருக்கும். சிறிய சமூகத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பின்மை வேறில்லை என்பதை அண்ணனுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இனி உங்கள் மகனுக்கு. மதத்தையும் அரசியலையும் சுவர் வைத்துப் பிரித்துவிடலாம் என்று அவர் நம்புவது நல்லெண்ணத்தால்தான். ஆனால் இந்தக் கரையில் அப்படிப் பிரித்தால் பாதி வரலாறு விளங்காது. 1897 ஜனவரியில் இராமேசுவரம் கோயிலில் பேசிய விவேகானந்தர், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே உண்மையில் சிவனை வணங்குகிறார் என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்ட ஒருவர் வீதிக்கு வந்த பிறகு ஏழையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

மகனைக் கச்சத்தீவு அந்தோனியார் கோயிலைப் பற்றியும் யோசிக்கச் சொல்லுங்கள். 1974இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் திருப்பயணிகளும் முன்போலவே கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் அங்கே போய்வரலாம் என்றது. 1976இல் மீன்பிடி உரிமை பறிபோன பிறகும், போர்க்காலத்தில் பல ஆண்டுகள் விழா நின்றுபோன பிறகும், இரண்டு கரைத் தமிழ் மீனவர்களும் சந்தித்துப் பேச எஞ்சிய இடம் அந்தக் கோயில் முற்றம். பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து, மூட்டை முடிச்சுகளைச் சோதித்துப் படகில் ஏற்றுவார்கள். தீவில் இறங்கியதும் இந்தப் பக்கத்துப் பெண்ணும் அந்தப் பக்கத்துப் பெண்ணும் ஒரே சிலுவைப் பாதையில் நடந்துவிட்டு, மணலில் உட்கார்ந்து உறவு விசாரிப்பார்கள். பக்தி திறந்துவைத்த கதவு அது.

அதே மீனவர்கள், இலங்கையில் தம்மவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து, 2024 பிப்ரவரியில் அந்தத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அந்தோனியார் மேல் பக்தி குறைந்ததாலா போகாமல் இருந்தார்கள்? சிறையில் இருப்பவனை விட்டுவிட்டு விழாவுக்குப் போக மனம் வரவில்லை. எந்தப் பீடமும் கட்டளையிடாமல், துறைமுகத்தில் மீனவர் சங்கங்கள் கூடி எடுத்த முடிவு அது. விசுவாசமும் அரசியலும் இதைவிட நேர்மையாகச் சந்தித்ததை நான் கண்டதில்லை.

என் அப்பா கட்சிக்காரர். தேவிபட்டினத்தில் எங்கள் தெருக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கட்சிக் கரை போட்ட துண்டைத் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தத் திண்ணையில் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவரின் துண்டும் சில நாள் பக்கத்திலேயே இருக்கும். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்ததும் இருவரும் அவரவர் துண்டைப் போட்டுக்கொண்டு, டீக்கடை வரை சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். உள்ளே கும்பிட்ட சாமி அவர்களை ஊமையாக்கவில்லை. ஒருவரையொருவர் பாவி என்று சொல்லவும் விடவில்லை.

ஆகவே பேரவையில் மறுப்பதோடு நின்றுவிடாமல், வேறொரு வழியையும் நீங்களே முன்வையுங்கள். சிறையில் இருக்கும் மீனவர்களின் பெயர்களை வாசித்து மன்றாடவும், பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாதீர்கள் என்று சொல்லவும் சாமியாரிடம் கேளுங்கள். இதற்குச் சட்டமும் குறுக்கே வராது, விசுவாசமும் குறுக்கே வராது. வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே நாளில் ஊருக்கு அழைத்துக் கேள்வி கேளுங்கள். அந்தக் கூட்டத்தைக் கோயில் வளாகத்தில் வைக்காமல், பக்கத்து ஊர்ப் பெண்ணும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய மீன் ஏலக் கூடத்தில் வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அவர் சபையில் பேசியது தவறு; ஆனாலும் அவர் வரட்டும் என்று நீங்கள் காத்திருந்தால் தேர்தல் முடிந்துவிடும். பேரவை கூடுவதற்கு முந்தைய நாள், மதினியும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் உட்காருங்கள். “நம்மை யார் மதிப்பார்கள்?” என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு அன்று நீங்கள் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்தக் கேள்வி சரியான கேள்விதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, ஏலக் கூடத்தில் வேட்பாளர்களிடம் முதல் கேள்வியைக் கேட்கும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். இரண்டாவது கேள்வியைப் பாசி எடுக்கும் பெண் ஒருத்தி கேட்கட்டும்.