கடல்நீரில் குளோரைட்டுச் செறிவைக் கணிப்பது எப்படி?

நிலாவெளிக் கடல்நீரை 10 மடங்கு ஐதாக்கி, அதில் 25 மில்லிலீற்றரை நியமித்தபோது (அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்தபோது), லீற்றருக்கு 0.05 மூல் (துணிக்கைகளின் அளவைச் சொல்லும் அலகு) செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்று 27.5 மில்லிலீற்றர் முடிந்தது. குளோரைட்டுச் செறிவு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி.

சூத்திரத்தைத் தேடாமல் முதலில் மூல் அளவைத் தேடுங்கள். 27.5 மில்லிலீற்றர் என்பது 0.0275 லீற்றர். 0.05 ஆல் பெருக்கினால் 0.001375 மூல் வெள்ளி அயன். ஒரு வெள்ளி அயன் ஒரு குளோரைட்டு அயனோடுதான் சேரும், ஆகவே குளோரைட்டும் அதே அளவு. குடுவையில் தயிர்போலத் திரளும் வெள்ளை வீழ்படிவு அதுதான். குளோரைட்டு தீர்ந்த பிறகே காட்டியாகச் சேர்த்த பொற்றாசியம் குரோமேற்று செங்கல் நிறம் காட்டும். குலுக்கியும் மறையாத முதல் சாயலில் நிறுத்திவிட வேண்டும்.

இனித்தான் பலர் சறுக்குகிற இடம். 0.001375 ஐ நியமித்த 25 மில்லிலீற்றரால், அதாவது 0.025 லீற்றரால் வகுத்தால் லீற்றருக்கு 0.055 மூல். இது ஐதாக்கிய கரைசலின் செறிவு, கடலின் செறிவு அல்ல! 10 ஆல் பெருக்க லீற்றருக்கு 0.55 மூல் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தப் பாத்திரத்துக்குரியது என்று எழுதிவைத்தால் இந்தப் பிழை வராது. நான் இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கிராமில் வேண்டுமென்றால் ஒரு மூல் குளோரைட்டின் திணிவான 35.5 ஆல் பெருக்குங்கள்: லீற்றருக்கு ஏறத்தாழ 19.5 கிராம். திறந்த கடலுக்குப் பொருத்தமான விடை. மாரியில் மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் அள்ளினால் இதைவிடக் குறையும்.